நீலத் தொட்டி நத்தைகள்

ஓசூரில் நாங்கள் குடியிருந்த வரிசை வீடுகளில் பால்காரரோடு சண்டை போடாத வீடு கிடையாது. சண்டை போட்டுவிட்டு, மறுநாள் நடுத்தெருவில் நின்று அவரிடம் மன்னிப்புக் கேட்ட ஒரே ஆள் பக்கத்து வீட்டு அக்காதான்.

பாலில் தண்ணீர் என்று ஒரு காலையில் அக்கா அவரைப் பிடித்துக்கொண்டாள். அவர் சத்தியம் செய்தார். நாங்கள் எல்லோரும் அக்கா பக்கம். பெங்களூரில் ஆராய்ச்சி செய்கிற படிப்பாளியே சொல்கிறாள் என்றால் அதற்கு மேல் என்ன வேண்டும்? இத்தனை நாள் சேர்த்து வைத்திருந்த கோபத்தையும் சேர்த்துக் கொட்டினோம். மறுநாள் அக்கா இரண்டு பாத்திரத்தோடு வந்தாள். ஒன்று துடைத்து வெயிலில் காயவைத்தது. இன்னொன்று எப்போதும்போல் கழுவிய ஈரத்தோடு அப்படியே கொண்டுவருகிற தூக்கு. இரண்டிலும் பால் வாங்கி உள்ளே கொண்டுபோய் ஏதோ அளந்து பார்த்தாள். கொஞ்ச நேரத்தில் செருப்புகூடப் போடாமல் ஓடி வந்து தெருக்கோடியில் அவர் சைக்கிளை மறித்தாள்.

“அண்ணாச்சி, தண்ணி எந் தூக்குலதான் இருந்திருக்கு. நேத்து உங்களைப் பேசினது தப்பு. மனசுல வச்சுக்கிடாதீங்க.”

அதை அவர் ஊரெல்லாம் சொல்லிவிட்டார். அதற்குப் பிறகு நிஜமாகவே தண்ணீர் கலந்த நாளில்கூட எங்களால் வாயைத் திறக்க முடியவில்லை. “மொதல்ல தூக்கைத் தொடச்சியா?” என்று கேட்டுவிடுவார். அக்கா மேல் எனக்கு வந்த முதல் எரிச்சல் அது.

எண்பதுகளின் நடுப்பகுதி. சிப்காட் தொழிற்பேட்டையில் கம்பெனிகள் ஒவ்வொன்றாக முளைத்துக்கொண்டிருந்தன. ஊரில் பாதிப் பேர் வேறு ஊரிலிருந்து வந்தவர்கள். நான் கல்லாவிக்காரி, கம்பெனியில் இன்ஸ்பெக்‌ஷன் வேலை. அக்கா திருநெல்வேலிப் பக்கம். அவள் புருஷனை நான் அண்ணன் என்றுதான் கூப்பிடுவேன். அவர் ஒரு வண்டிக் கம்பெனியில் டிசைன் பிரிவில் இருந்தார். அவருக்கு வேலை ஓசூரில், அக்காவுக்கு டாக்டர் பட்டப் படிப்பு பெங்களூரில். காலையில் அவர் கம்பெனி பஸ் ஏறுவார், இவள் எல்லை தாண்டிப் போகிற டவுன் பஸ் ஏறுவாள். கையில் ஒரு கூடை. கூடைக்குள் ஈரச் சாக்கு. சாக்குக்குள் நத்தைகள்.

ஆமாம், நத்தைகள். உள்ளங்கை நிறைய இருக்குமே, தோட்டத்துக் கீரையை ஒரே ராத்திரியில் மொட்டையடித்துவிட்டுப் போகுமே, அந்தப் பெரிய நத்தை. வீட்டுப் பின்னால் வலை கட்டின அண்டாவில் அவற்றை வைத்திருந்தாள். மழைக்காலத்தில் வலை விலகி, நான்கு வீட்டுச் சுவரிலும் அவை ஏறிக் கோடு போட்டு வைத்தன. ஒருநாள் என் தோசைமாவுப் பாத்திரத்து மூடிமேல் ஒன்று உட்கார்ந்திருந்தது. அன்று நான் போட்ட சத்தத்துக்குத் தெருவே கூடியது. அக்கா அதை எடுத்து, கைக்குழந்தையைப் பார்ப்பதுபோல் புரட்டிப் பார்த்து, “ஒண்ணும் ஆகலை” என்றாள். எனக்கு ஒன்றும் ஆகவில்லையா என்று அவள் கேட்கவே இல்லை.

நத்தையம்மா என்று தெரு பேர் வைத்தது. அவள் அதற்குக் கோபித்துக்கொண்டதில்லை.

எங்கள் வீட்டுக்காரர், அதாவது வரிசை வீடுகளின் சொந்தக்காரர், வெங்கடப்பா. வீட்டில் தெலுங்கு, சந்தையில் கன்னடம், எங்களோடு தமிழ். பாகலூர் ரோட்டில் அவருக்குத் திராட்சைத் தோட்டம், ஓரத்தில் கீரைப்பாத்தி. வாடகைக்கு விட்ட வீட்டில் நத்தை வளர்க்கிறார்கள் என்று கேள்விப்பட்டு அவர் வந்து நின்ற கோலம் இன்னும் கண்ணில் இருக்கிறது.

“ஏம்மா, நான் மருந்து வாங்கிப் போட்டு இதைக் கொல்றேன். நீ கீரை போட்டு வளத்துறியா?”

“எனக்கு இது வேணும் அண்ணாச்சி. உங்க தோட்டத்துல எத்தனை இருந்தாலும் நான் எடுத்துக்கிடுதேன்.”

அவர் முகம் அப்படியே மாறிவிட்டது. தன் பயிரைத் தின்கிற பூச்சியை ஒரு படித்த பெண் கேட்டு வாங்கிப் போகிறாள் என்றால் எந்த விவசாயிக்குத்தான் கசக்கும்? அதிலிருந்து வாராவாரம் அவரே பொறுக்கிச் சாக்கில் கட்டிக் கொண்டுவந்து கொடுத்தார். டீக்கடையில் அவர் பேச்சே மாறிப்போனது. “நம்ம தோட்டத்து நத்தை பெங்களூரு காலேஜுல ஓதுதப்பா” என்பார்; ஓதுது என்றால் அவர் பாஷையில் படிக்கிறது. அவர் பிள்ளைகள் எட்டாவது தாண்டவில்லை. நத்தையாவது போகட்டும் என்று நினைத்தாரோ என்னவோ.

அத்திப்பள்ளி செக்போஸ்ட்டில் நடந்த கதையைச் சொல்லாவிட்டால் எனக்குத் தூக்கம் வராது. தமிழ்நாட்டு ரேஷன் அரிசி அந்தப் பக்கம் கடத்தப்படுகிறது என்று அப்போது பஸ்ஸில் ஏறிச் சோதிப்பார்கள். அன்று ஒரு கல்யாணத்துக்காக நானும் அதே பஸ்ஸில். ஒரு போலீஸ்காரர் அக்காவின் கூடையைப் பார்த்தார். சாக்கு, கனம், வாய் இறுகக் கட்டியிருக்கிறது. ஆள் அகப்பட்டாள் என்ற சந்தோஷத்தில் முடிச்சை அவிழ்த்து முழங்கை வரை கையை விட்டார். அடுத்த நிமிஷம் அவர் போட்ட கூப்பாட்டில் டிரைவரே எழுந்து நின்றார். கையை உதறுகிறார், நத்தை விடமாட்டேன் என்கிறது. அக்கா பதறிப்போய், “உதறாதீங்க, ஓடு ஒடைஞ்சிரும்” என்று தமிழில் கத்த, அவர் கன்னடத்தில் கத்த, பஸ்ஸே வயிற்றைப் பிடித்துக்கொண்டது. அதற்குப் பிறகு அந்த ரூட்டில் அவள் கூடையை யாரும் தொட்டதில்லை.

அன்று கீழே விழுந்த ஒரு நத்தைக்கு ஓடு விண்டுவிட்டது. அதிலிருந்து தண்ணீர் மாதிரி வந்தது, காற்றுப் பட்டதும் லேசாக நீலம் பாரித்தது. நான் முகத்தைச் சுளித்தேன்.

“அது ரத்தம் பிள்ள. நம்ம ரத்தத்துல இரும்பு, அதனால செவப்பு. இதுக்குச் செம்பு, அதனால நீலம்” என்றாள்.

நீல ரத்தமா என்று வாயைப் பிளந்தேன். அந்த நீலம்தான் பின்னால் அவளையே ஏமாற்றியது.

அப்படி என்னதான் செய்கிறாள் என்று ஒருநாள் குழாயடியில் கேட்டுவிட்டேன். தண்ணீர் சொட்டுச் சொட்டாக வந்த நாள், அதனால் நேரம் இருந்தது.

“நரம்பு செல்லை ஒரு வீடுன்னு வச்சுக்கோ. சுவர்ல சின்னச் சின்ன வாசல். கால்சியத்துக்குன்னே தனி வாசல் உண்டு. வெளிய கால்சியம் நெறைய, உள்ள கொஞ்சூண்டு. செய்தி வந்தா அந்த வாசல் கண்ணிமைக்கிற நேரம் தொறக்கும், கால்சியம் உள்ள பாயும், ஒடனே அடைச்சிரும். அதை வச்சுத்தான் நீ குடத்தைப் பிடிச்சிருக்க, நான் பேசுதேன். நத்தைக்கு மூளை சின்னது, ஆனா செல்லு பெருசு. அதுக்குள்ள முடியை விட மெல்லிசா ஒரு கண்ணாடி ஊசியைக் குத்தி, எவ்வளவு கால்சியம் போகுதுன்னு பாக்கலாம்.”

“பாத்து?”

“உங்க கம்பெனியில துருப்பிடிக்கிற ஷாஃப்ட் பத்திச் சொன்னியே.”

சொல்லியிருந்தேன். எங்கள் பிரிவில் பளபளவென்று வரும் ஷாஃப்டை, அதாவது இரும்புத் தண்டை, வெறுங்கையால் தொடக் கூடாது. சிலர் கை வியர்வைக்குத் தொட்ட இடத்தில் விரல் ரேகையோடு துரு வந்துவிடும். அப்படிக் கை உள்ள பெண்களை பேக்கிங்குக்கு மாற்றிவிடுவார்கள். என் கை நல்ல கை. அதில் எனக்குக் கொஞ்சம் திமிர் உண்டு.

“நாம உள்ள இழுக்கிற ஆக்சிஜன்தான் நமக்கு உசுரு. அதுல கொஞ்சம் சிதறிப்போயி உள்ளயே கெடுதல் பண்ணும். துரு மாதிரிதான். ஒடம்பு அதைத் தொடச்சுக்கிட்டே இருக்கும். தொடைக்க முடியாம சேந்துபோச்சுன்னா அந்தக் கால்சியம் வாசலுக்கு என்ன ஆகுது? தொறக்குதா, அடைக்குதா, பாதியில நிக்குதா? வயசானவுங்க மூளை தேயுறதுக்கு இதுவும் ஒரு காரணமா இருக்கலாம். அதான் என் கேள்வி.”

“எங்ககிட்ட ரஸ்ட் ஆயில் இருக்குது. மூளைக்கு என்னாத்தைப் பூசறது?”

அக்கா குடத்தைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தாள். “அது தெரிஞ்சா நான் ஏன் நத்தை தூக்கிட்டு அலையுதேன்?”

அவள் செய்முறை எளிதுதான். நரம்பு செல்லின்மேல் ஹைட்ரஜன் பெராக்சைடைத் துளியூண்டு கலந்த நீரை விடுவாள். அதுதான் அவள் உண்டாக்குகிற துரு. அதற்கு முன்னும் பின்னும் எவ்வளவு கால்சியம் உள்ளே போகிறது என்று பார்ப்பாள். இத்தனையையும் எனக்குப் புரியவைத்த பிறகும் அவள் வாய் ஒரு வார்த்தையில்தான் போய் நிற்கும். “ஆனா இது தப்பா இருந்தா எனக்கு எப்பிடித் தெரியும்?” ரசம் வைத்தாலும் இதைத்தான் கேட்பாள். பக்கத்து வீட்டுப் பெண்ணுக்குப் பார்த்த மாப்பிள்ளை நல்லவன் என்று நாங்கள் சொன்னபோதும் இதைத்தான் கேட்டாள். மாப்பிள்ளை வீட்டார் காதில் விழுந்து பெரிய ரகளையாகிவிட்டது.

பிறகு அந்த நல்ல காலம் வந்தது. பெராக்சைடு பட்டதும் கால்சியம் வாசல் படாரென்று சாத்திக்கொள்கிறது. ஏறக்குறைய ஒன்றும் உள்ளே போவதில்லை. ஒரு செல்லில் இல்லை, எடுத்த செல்லில் எல்லாம். இவ்வளவு பளிச்சென்று யாரும் பார்த்ததில்லை என்று அவளுடைய பேராசிரியர் துள்ளிக் குதித்தாராம். ஒரு மாநாட்டுக்கு ஆய்வுச் சுருக்கம் எழுதி அனுப்பினார்கள், ஏற்றுக்கொண்டுவிட்டார்கள். ஆய்வேட்டை எழுதிக் கொடுத்துவிடலாம் என்று அவரே சொல்லிவிட்டார். அன்று அக்கா சேமியா பாயசம் வைத்து எல்லா வீட்டுக்கும் கொடுத்தாள். வெங்கடப்பாவுக்குத் தனியாக ஒரு சொம்பு.

அதே சமயத்தில்தான் அண்ணனுக்குப் பூனாவுக்கு மாற்றல் வந்தது. பதவி உயர்வோடு மாற்றல், வேண்டாம் என்று சொல்ல முடியாது. சித்திரையில் போக வேண்டும். அதற்குள் அக்கா ஏட்டைக் கொடுத்துவிட்டால் இருவரும் சேர்ந்து போய்விடலாம். கொடுக்காவிட்டால், ஒன்று புருஷனை விட்டு இங்கே தனியாக இருக்க வேண்டும், இல்லை படிப்பை விட்டுவிட்டுப் போக வேண்டும். பேராசிரியருக்கும் ஓய்வு பெறும் வயது நெருங்கிக்கொண்டிருந்தது. எல்லாம் கூடி வந்திருக்கிறது, உட்கார்ந்து எழுத வேண்டியதுதான் பாக்கி என்று நாங்கள் நினைத்துக்கொண்டிருந்தோம்.

அக்கா எழுதவில்லை. எங்கள் வீட்டுப் பின்னால் சாக்கடையோரம் குனிந்து நத்தை பொறுக்கிக்கொண்டிருந்தாள்.

“எதுக்குக்கா இது? வெங்கடப்பா நேத்துதானே சாக்குல கொண்டாந்தாரு.”

“அது எல்லாம் ஒரே தோட்டத்து நத்தை பிள்ள. வேற எடத்து நத்தையும் அதே மாதிரி சொல்லணும்லா?”

சாக்கடை நத்தை அதே மாதிரி சொல்லவில்லை. அதற்குப் பெராக்சைடு பட்டாலும் வாசல் சாத்திக்கொள்ளவில்லை. இன்னும் சொல்லப்போனால் கொஞ்சம் கூடுதலாகவே திறந்திருந்தது. அக்கா மறுபடி பொறுக்கினாள், பஸ் ஸ்டாண்டுப் பக்கத்துக் காலி மனையில் பொறுக்கினாள். அதுவும் சாக்கடைக் கட்சிதான். பேராசிரியர் ஒரே போடாகப் போட்டார். சாக்கடையில் கிடப்பது நோய் பிடித்த நத்தை, தோட்டத்தில் இருப்பது நல்ல நத்தை, நோய் பிடித்ததைத் தள்ளு, எழுது. கேட்டால் நியாயமாகத்தான் இருந்தது. நானாக இருந்தால் எழுதியிருப்பேன்.

அந்த நாட்களில் அவளோடு பேசவே முடியாது. ஊதினால் விழுந்துவிடுவாள்போல் இருந்தாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் என் வாசலில் வந்து நின்று, “தோட்டத்துக்கு வாரியா?” என்றாள். அத்தனை காலம் நத்தை அவளைத் தேடி வந்துகொண்டிருந்ததே தவிர, அவள் ஒருமுறைகூடத் தோட்டத்தைப் பார்த்ததில்லை.

வெங்கடப்பாவுக்குத் தலைகால் புரியவில்லை. கயிற்றுக் கட்டிலை உதறிப் போட்டார், இளநீர் வெட்டினார். அக்கா பந்தலுக்கடியில் நடந்து, நத்தை எங்கே இருக்கும், எப்போது பிடிப்பீர்கள் என்று ஒவ்வொன்றாகக் கேட்டாள். அவர் பெருமையோடு எங்களை மோட்டார் கொட்டகைக்குக் கூட்டிக்கொண்டு போனார். அங்கே கம்பெனியில் கழித்துப்போட்ட நீல பிளாஸ்டிக் டிரம்மைப் பாதியாக அறுத்துச் செய்த தொட்டி ஒன்று இருந்தது.

“சாயங்காலம் புடிச்சு இதுலதாம்மா போட்டு மூடுவேன். சேறும் சகதியுமா காலேஜுக்கு எப்படி அனுப்பறது? ராத்திரி பூரா இதுல கெடந்தா சுத்தமா ஆயிடும். காத்தால சாக்குல கட்டிடுவேன்.”

அக்கா குனிந்து உள்ளே பார்த்தாள். தொட்டியும் நீலம், அடியில் படிந்திருந்ததும் நீலம். விரலால் சுரண்டினாள். வெளிறிய நீலத்தில் மாவு மாதிரி ஒட்டியது.

“மத்த நாள்ல இதுல என்ன வைப்பீங்க அண்ணாச்சி?”

“துத்தம் கலக்கறதும்மா. கொடிக்கு அடிக்கணுமில்ல.”

மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்து திராட்சைக் கொடிக்கு அடிப்பார்கள், இலையில் நோய் வராமலிருக்க. அந்தப் பக்கத்துத் தோட்டக்காரர்கள் எல்லோருக்கும் அது அன்றாட வேலை. இரும்பில் கலந்தால் அரித்துவிடும், அதனால் பிளாஸ்டிக் தொட்டி. துத்தம் என்றால் செம்பு. நத்தை வயிற்றால் நடக்கிற ஜீவன். செம்புப் படிவத்தின்மேல் ஒரு ராத்திரி முழுக்க ஊர்ந்தால் உடம்பு அதை உறிஞ்சாதா? சாக்கில் எப்போதும் ஒரு நீலக் கறை இருந்ததை அக்காவும் பார்த்திருக்கிறாள், நானும் பார்த்திருக்கிறேன். ஓடு விண்ட நத்தையின் ரத்தம் என்று இருவரும் நினைத்துக்கொண்டோம்.

அக்கா வரப்பிலேயே உட்கார்ந்துவிட்டாள். எனக்குப் புரிய நேரமாயிற்று. வெங்கடப்பாவுக்கு அதைவிட நேரமாயிற்று. புரிந்ததும் அவர் முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை.

“நான் கெடுத்துட்டனா தாயி?” என்றார். “சுத்தமா போகட்டும்னுதான்…”

“இன்னும் தெரியாது அண்ணாச்சி” என்றாள் அக்கா. அவரைத் தேற்றச் சொன்ன பேச்சில்லை அது. அவளுக்கு நிஜமாகவே இன்னும் தெரியாது. எழுந்து சேலையைத் தட்டிக்கொண்டாள். “இந்தத் தொட்டியை எனக்குக் கொஞ்ச நாள் தாங்க. கழுவாம தாங்க.”

தொட்டியை அவரே தலையில் சுமந்துகொண்டு வந்தார். சாக்கடை நத்தைகளை இரண்டு பங்காகப் பிரித்தாள். ஒரு பங்கு அவளுடைய அண்டாவில், ஒரு பங்கு நீலத் தொட்டியில். மறுநாள் கூடையில் இரண்டு சாக்கு போனது. சாயங்காலம் பஸ்ஸிலிருந்து இறங்கியவள் முகத்தைப் பார்த்தே எனக்குத் தெரிந்துவிட்டது. தொட்டியில் கிடந்த சாக்கடை நத்தை, வாசலைப் படாரென்று சாத்திக்கொண்டிருக்கிறது; அண்டாவில் கிடந்தது சாத்தவில்லை. செம்பும் பெராக்சைடும் சேர்ந்து செய்த வேலை அது. பெராக்சைடு மட்டும் அப்படிச் செய்யவில்லை. அவள் உலகத்துக்குச் சொல்லப் போன விஷயமே இல்லை என்று ஆகிவிட்டது.

“தெரிஞ்சுபோச்சு பிள்ள” என்றாள். அழுவாள் என்று நினைத்தேன். அவள் முகத்தில் இருந்தது அழுகை இல்லை. பால்காரரைத் துரத்திக்கொண்டு ஓடினபோது இருந்த அதே முகம்.

எங்கள் வீடுகளுக்கு நடுவில் ஒற்றைக்கல் சுவர்தான். வேண்டாம் என்றாலும் கேட்கும்.

“உன் சாரே போதும்னு சொல்லிட்டாரு. அந்தத் தோட்டத்து நத்தையில பார்த்தது பொய்யில்லையே. பார்த்ததைத்தானே எழுதுறே?” அண்ணன் கத்தவில்லை, கெஞ்சினார்.

“பாத்தது நெசம். அதுக்கு நான் சொல்லுத காரணம் பொய்.”

“யாருக்குத் தெரியும்?”

“எனக்குத் தெரியுமே.”

அண்ணனைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. சித்திரையில் அவர் தனியாகத்தான் போனார். பஸ் ஏறும்போது என்னிடம், “அவ ஒழுங்கா சாப்பிட மாட்டா, கொஞ்சம் பாத்துக்கம்மா” என்றார். நத்தைக்காகப் புருஷனை அனுப்பிவைத்தவள் என்று தெரு பேசியது. நான் இரண்டு பேரோடு அதற்காகச் சண்டை போட்டேன், ஒருத்தியோடு இன்றுவரை பேச்சு இல்லை. அதில் எனக்கு வருத்தமும் இல்லை.

மாநாட்டுக்கு அக்கா போனாள். ஏற்றுக்கொண்ட சுருக்கத்தை வாசிக்கப் போகவில்லை, அது தப்பு என்று மேடையில் சொல்லப் போனாள். பேராசிரியர் கூட வரவில்லை. எல்லோரும் கைதட்டினார்களா என்று கேட்டேன். “தட்டலை. முன்வரிசையில ஒருத்தர் மட்டும் நிறைய எழுதிக்கிட்டாரு” என்றாள். பிறகு உட்கார்ந்து முதலிலிருந்து தொடங்கினாள்.

வெங்கடப்பா கொஞ்ச நாள் எங்கள் பக்கமே வரவில்லை. வந்தபோது மேஸ்திரியோடு வந்தார். பின்கட்டில் நத்தைக்கென்று ஒரு சிமெண்டுத் தொட்டி கட்டிக் கொடுத்தார். அதில் தன் மனைவியைக்கூடக் கைவைக்க விடமாட்டார். கீரையைத் தன் தோட்டத்திலிருந்து கொண்டுவராமல், துத்தம் வாசனையே தெரியாத யாரோ ஒருவர் கொல்லையிலிருந்து கேட்டு வாங்கிவந்து, வாளித் தண்ணீரில் அலசி அலசிப் போடுவார். “அண்ணாச்சி, போதும், கீரை கரைஞ்சிரும்” என்பாள் அக்கா. டீக்கடையில் மட்டும் நத்தையைப் பற்றிப் பேசுவதை நிறுத்திவிட்டார். பெங்களூரில் எல்லோருக்கும் தன் பேர் தெரிந்திருக்கும், ஒரு படிக்காதவன் கெடுத்தான் என்று சிரித்திருப்பார்கள் என்று ஒருநாள் என்னிடம் சொல்லிக் கண் கலங்கினார். அக்காவிடம் அதைக் கேட்க அவருக்குத் தைரியமில்லை. எனக்கும் இல்லை.

இரண்டாவது தடவை கிடைத்தது பளிச்சென்று துள்ளிக் குதிக்கிற விஷயம் இல்லை. பெராக்சைடு பட்டால் கால்சியம் வாசல் சாத்திக்கொள்வதில்லை. அடைக்க வேண்டிய நேரத்தில் சரியாக அடையாமல் கொஞ்சம் ஒருக்களித்து நிற்கிறது, அந்த இடுக்கு வழியாகக் கால்சியம் கசிந்துகொண்டே இருக்கிறது, அந்தக் கசிவு செல்லை மெல்லக் கெடுக்கிறது. சின்ன விஷயம். அதை அவள் நான்கு ஊர் நத்தையில் பார்த்தாள், வெயிலிலும் மழையிலும் பார்த்தாள், தானே உடைக்கப் பார்த்தாள். அது உடையவில்லை.

அவளைக் கேள்வி கேட்டுப் பட்டம் கொடுக்கிற நாளில் யார் வேண்டுமானாலும் போய் உட்காரலாமாம். அண்ணன் பூனாவிலிருந்து முதல்நாளே வந்துவிட்டார். நான் லீவு போட்டேன். வெங்கடப்பா வெளுத்த சட்டை, தோளில் ஜரிகைத் துண்டு. வர மாட்டேன் என்றவரை அக்காதான் கையைப் பிடித்துக் கூட்டிவந்தாள். மூன்று பேரும் கடைசி வரிசையில் உட்கார்ந்தோம். அங்கே எல்லாம் இங்கிலீஷ். என் இங்கிலீஷ் கம்பெனி அளவுக்குத்தான், ஆனாலும் பாதி பிடிபட்டது. அக்கா சுவரில் படம் படமாகக் காட்டினாள். ஒரு படத்தில் நீலத் தொட்டி வந்தது. வெங்கடப்பா நிமிர்ந்து உட்கார்ந்தார், உடனே தலையைக் குனிந்துகொண்டார்.

வெளியூரிலிருந்து வந்திருந்த தேர்வாளர் ஒருவர், தலை முழுக்க வெள்ளை, அந்தப் பழைய சுருக்கத்தைக் கையில் தூக்கிக் காட்டினார்.

“முதலில் நீங்கள் இதற்கு நேர் எதிராகச் சொல்லியிருக்கிறீர்கள். அது தப்பு என்று கண்டுபிடித்தது யார்?”

“நான்தான்” என்றாள் அக்கா.

“சரி. அந்தத் தப்பைச் செய்தது யார்?”

வெங்கடப்பாவின் கை என் முழங்கையை இறுக்கியது. மொழி தெரியாவிட்டாலும் என்ன கேட்கிறார்கள் என்று அவருக்குத் தெரிந்துவிட்டது. எழுந்து நின்று கும்பிட்டு எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டுவிடுவார் போலிருந்தது.

அக்கா கடைசி வரிசைப் பக்கம் திரும்பவே இல்லை. முதல் பதிலைச் சொன்ன அதே குரலில், தலையை ஒரு நூல்கூடத் தாழ்த்தாமல் சொன்னாள்.

“அதுவும் நான்தான். நத்தை எங்கே படுத்து எழுந்து வருகிறது என்று நான் போய்ப் பார்க்கவில்லை.”

“ஏமிம்மா, என்னா சொல்லுச்சு?” என்று வெங்கடப்பா கிசுகிசுத்தார்.

“ரெண்டுமே நான்தான்னு சொல்லிட்டாங்க” என்றேன்.

அவர் கை தளர்ந்தது. துண்டை எடுத்து முகத்தில் வைத்துக்கொண்டார். நான் கை தட்டினேன். அங்கே நடுவில் கை தட்டக் கூடாதாம், எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். பார்க்கட்டும் என்று இன்னொரு தடவையும் தட்டினேன்.